எந்தக் கோப்புறைக்கு எந்தக் காட்சி?

ஒரு கோப்பைத் தேடிக் கோப்புறையைத் திறக்கும் எவருக்கும் அந்தக் கோப்பைப் பற்றி ஏதோ ஒன்று நினைவில் இருக்கும். அதன் பெயர் நினைவிருக்கலாம். பெயர் மறந்துபோய், அண்மையில் திருத்தியது என்பது மட்டும் நினைவிருக்கலாம். நீல நிற முதல் பக்கம் கொண்ட பிடிஎஃப் என்று தோற்றம் மனத்தில் நிற்கலாம். எந்தக் கோப்புறைக்குள் எந்த உட்கோப்புறையில் வைத்தோம் என்ற வழி மட்டும் தெரிந்திருக்கலாம். விண்டோஸின் எக்ஸ்புளோரர், மேக்கின் ஃபைண்டர் போன்ற கோப்பு மேலாளர்கள் தரும் படவுருக் (ஐகான்) காட்சி, விவரக் காட்சி, பட்டியல் காட்சி, பத்திக் காட்சி ஆகியவை ஒவ்வொன்றும் இந்த நினைவுகளில் ஏதேனும் ஒன்றுக்குத் துணை நிற்கின்றன. மற்றவற்றுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. ஆகவே காட்சி முறையைத் தேர்ந்தெடுக்கும்போது திரை அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, இந்தக் கோப்புறையில் நான் எதை நினைவில் வைத்துக்கொண்டு தேட வருகிறேன் என்று கேட்டுக்கொள்வதே பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பலர் கணினியில் முதலில் எப்படி இருந்ததோ அப்படியே கோப்புறைகளை வைத்துக்கொள்கிறார்கள். இயல்பாக அமைக்கப்பட்டிருக்கும் காட்சி, மென்பொருளை உருவாக்கியவர்கள் தாம் அறியாத ஒருவருக்காகச் செய்த ஊகம். அந்த ஊகம் சில கோப்புறைகளுக்குப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது. நாள்தோறும் பலமுறை திறக்கும் கோப்புறை ஒன்றில் பொருந்தாத காட்சி இருந்தால், ஒவ்வொரு முறையும் சில நொடிகள் கண் அலைகிறது. அந்த அலைச்சல் பழகிப்போவதால் அதை யாரும் குறையாக உணர்வதில்லை. மாற்றுவதற்கோ இரண்டு மூன்று விசைகளை அழுத்தினால் போதும்.

தேர்வு என்பது புதிதாக வந்ததல்ல. 1984-இல் வெளிவந்த முதல் மெக்கின்டாஷின் ஃபைண்டரிலேயே படவுரு, பெயர், தேதி, அளவு, வகை என்று ஐந்து விதமாகப் பார்ப்பதற்கு ஒரு பட்டி இருந்தது. அந்த ஐந்தில் முதலாவது மட்டுமே தோற்றத்தைக் குறிக்கிறது. மற்ற நான்கும் எதன்படி அடுக்குவது என்பதைக் குறிக்கின்றன. தோற்றமும் வரிசையும் அன்று ஒரே தேர்வாக இருந்தன. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, பெரிய படவுரு, சிறிய படவுரு, பட்டியல், விவரம் என்று தோற்றத்தை நான்காகப் பிரித்து, அடுக்கும் வரிசையைத் தனிக் கட்டளையாக வைத்தது. இன்றைய விண்டோஸில் அந்த நான்கோடு மிகப் பெரிய படவுரு, நடுத்தரப் படவுரு, ஓடு (டைல்ஸ்), உள்ளடக்கம் ஆகியவை சேர்ந்து எட்டுக் காட்சிகள் உள்ளன. இப்பிரிவினையால் நமக்கு ஒரு வசதி கிடைத்தது. கூடவே ஒரு மறதியும் வந்தது. எப்படித் தோன்ற வேண்டும் என்பதும் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதும் இரண்டு தனி முடிவுகள் என்பதை மறந்து, முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். பல நேரங்களில் இரண்டாவதுதான் தேடலைச் சுருக்குகிறது.

என் கணினியில் பெரும்பாலான கோப்புறைகள், பெயர், தேதி, அளவு ஆகியவற்றை நெடுவரிசைகளில் காட்டும் விவரக் காட்சியில் இருக்கின்றன. ஆப்பிளின் ஃபைண்டரும் லினக்ஸின் நாட்டிலஸ் என்ற மேலாளரும் இதையே பட்டியல் என்று அழைக்கின்றன. விண்டோஸில் பட்டியல் என்பது வேறொன்று, அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். விவரக் காட்சியின் முதல் நன்மை, எல்லாப் பெயர்களும் இடப்புறம் ஒரே கோட்டில் தொடங்குவது. கண் மேலிருந்து கீழே நேராக இறங்கினால் போதும். படவுருக் கட்டங்களில் கண் இடமிருந்து வலமாகச் சென்று, மீண்டும் இடப்புறம் திரும்பி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே உள்ள பெயரைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. பெயரைப் படித்துத்தான் கோப்பை அடையாளம் காண முடியும் என்ற நிலையில், அதாவது ஒரே மென்பொருளில் எழுதப்பட்ட நூறு ஆவணங்கள் ஒரே படவுருவோடு நிற்கும் கோப்புறையில், அந்தப் படவுருக்கள் நமக்கு எதையும் சொல்வதில்லை. பெயர்களுக்கு இடையே உள்ள தூரத்தை அதிகமாக்குவது மட்டுமே அவற்றின் வேலையாகிவிடுகிறது.

நீண்ட பெயர்கள் வைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தமிழில் பெயரிடும்போது சொற்கள் நீளமாக வரும். ‘திருத்தப்பட்ட விண்ணப்பப் பட்டியல்’ என்று தொடங்கும் பல கோப்புகள் இருந்தால், படவுருக்களின் கீழே எல்லாமே ஒன்றுபோல வெட்டப்பட்டு நிற்கும், வேறுபடுத்திக் காட்டும் கடைசிச் சொல் மறைந்துவிடும். ஃபைண்டர் பெயரின் நடுப்பகுதியைச் சுருக்கி இறுதியைக் காட்டுவது இந்தத் தொல்லையைச் சற்றே குறைக்கிறது. விவரக் காட்சியில் பெயருக்கான நெடுவரிசையை அகலமாக்கிவிட்டால் தொல்லையே இல்லை. தலைப்புகளுக்கு இடையே உள்ள கோட்டை இருமுறை சொடுக்கினால், மிக நீளமான பெயருக்கு ஏற்ப நெடுவரிசை தானாகவே விரிந்துகொள்ளும்.

இரண்டாவது நன்மை, நெடுவரிசைத் தலைப்புகள். தலைப்பை ஒருமுறை சொடுக்கினால் அதன்படி அடுக்கப்படும். மீண்டும் சொடுக்கினால் தலைகீழாகும். பட்டிக்குள் சென்று வரிசை மாற்றுவதைவிட இது எவ்வளவோ எளிது என்பதால், விவரக் காட்சியில் இருப்பவர்கள் வரிசையை அடிக்கடி மாற்றிப் பார்க்கிறார்கள். ஒரே கோப்புறையைத் தேதிப்படியும் அளவுப்படியும் வகைப்படியும் கேள்வி கேட்கிறார்கள். வட்டில் இடம் குறைந்துவிட்டதா? அளவை இறங்குவரிசையில் அடுக்கினால் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் காணொளிகள் மேலே வந்து நிற்கும். விண்டோஸில் தலைப்பின் ஓரத்தில் தோன்றும் சிறிய அம்புக்குறியை அழுத்தினால், பிடிஎஃப் மட்டும், இந்த வாரத்தவை மட்டும் என்று வடிகட்டவும் முடியும். பலர் கவனிக்காமல் கடந்துசெல்லும் வசதி இது.

எந்த நெடுவரிசைகள் தெரிய வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்யலாம். தலைப்பின்மீது வலச்சொடுக்குச் செய்தால் பட்டியல் விரியும். ஒரே வகைக் கோப்புகள் உள்ள கோப்புறையில் ‘வகை’ என்ற நெடுவரிசைக்கு வேலையே இல்லை. அதை நீக்கிவிட்டால் பெயருக்கு இடம் கிடைக்கும். ஒலிப்பதிவுகள் உள்ள கோப்புறையில் கால அளவும், படங்கள் உள்ள கோப்புறையில் அகல உயரப் பிக்சல் அளவும் தெரிந்தால் எத்தனையோ கோப்புகளைத் திறந்து பார்க்கும் வேலை மிச்சமாகும். அளவு என்ற நெடுவரிசையில் மட்டும் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். விண்டோஸின் விவரக் காட்சி கோப்புகளின் அளவைக் காட்டுமே தவிர, கோப்புறைகளின் அளவைக் காட்டாது. அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். நாட்டிலஸ் அந்த இடத்தில் உள்ளே எத்தனை உருப்படிகள் என்பதைச் சொல்லும். ஃபைண்டரில் காட்சி விருப்பங்களைத் திறந்து எல்லா அளவுகளையும் கணக்கிடும்படி கேட்டால் கோப்புறைகளின் அளவும் வரும். பெரிய கோப்புறைகளில் அந்தக் கணக்கு முடியச் சிறிது நேரமாகும்.

தேதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் விவரக் காட்சியைத் தேர்ந்தெடுப்பதற்கான மிக வலுவான காரணம் அதுதான். நாம் தேடும் கோப்புகளில் பெரும்பகுதி அண்மையில் கைபட்டவையே. ஆகவே மாற்றிய தேதியை இறங்குவரிசையில் வைத்தால், தேடுவது திரையின் மேற்பகுதியிலேயே கிடைத்துவிடும். ஆனால் ஒரு கோப்புக்கு ஒரே ஒரு தேதி இருப்பதில்லை. மாற்றிய தேதி என்பது உள்ளடக்கம் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்பதைச் சொல்கிறது. உருவாக்கிய தேதி என்பது, விண்டோஸைப் பொறுத்தவரை, இந்த நகல் எப்போது தோன்றியது என்பதைச் சொல்கிறது. விண்டோஸில் பழைய கோப்பு ஒன்றை வேறு வட்டுக்கு நகலெடுத்தால், மாற்றிய தேதி பழையதாகவே நிற்க, உருவாக்கிய தேதி இன்றையதாகிவிடும். உருவாவதற்கு முன்பே மாற்றப்பட்டது போலத் தோன்றும் இந்த முரணைக் கண்டு கோப்பு பழுதாகிவிட்டதோ என்று அஞ்சுபவர்கள் உண்டு, அஞ்சத் தேவையில்லை. ஃபைண்டரில் சேர்த்த தேதி என்று இன்னொன்றும் உண்டு. அந்தக் கோப்புறைக்குள் கோப்பு எப்போது வந்தது என்பதை அது காட்டும். பதிவிறக்கக் கோப்புறைக்கு அதைவிடப் பொருத்தமான வரிசை இல்லை, ஏனெனில் அங்கே நாம் கேட்கும் ஒரே கேள்வி இப்போது வந்து இறங்கியது எது என்பதுதான். ஒளிப்படங்களுக்கோ இவை எவையும் போதா. கேமரா படத்தின் உள்ளேயே எழுதிவைக்கும் எடுத்த தேதிதான் நம்பத்தக்கது. விண்டோஸில் அதைத் தனி நெடுவரிசையாகச் சேர்த்து அதன்படி அடுக்கலாம்.

பெயர் வரிசையிலும் சில நுட்பங்கள் உள்ளன. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் ‘பகுதி 10’ என்பது ‘பகுதி 2’-க்கு முன்னே வந்துவிடும். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதல் எக்ஸ்புளோரர், பெயருக்குள் இருக்கும் எண்களை எண்களாகவே மதித்து அடுக்குகிறது. ஃபைண்டரும் அவ்வாறே செய்கிறது. ஆயினும் கோப்புகளை வேறு கருவிகளுக்கும் இணையச் சேமிப்பகங்களுக்கும் அனுப்புபவர்கள் ‘பகுதி 02’ என்று பூஜ்யம் சேர்த்துப் பெயரிடுவதே பாதுகாப்பானது. தேதியைப் பெயரில் எழுதுபவர்கள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2024-03-07 என்பது போல எழுதினால், பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். எந்தக் காட்சியில் பார்த்தாலும் அது குலையாது. தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை, ஒவ்வொரு எழுத்துக்கும் யுனிகோடு முறை தரும் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல்களில் ன என்ற எழுத்து ந-வை அடுத்தே வந்துவிடும், ற என்பது ர-வை ஒட்டி நிற்கும், ழ என்பது வ-வுக்கு முன்னே வரும். நெடுங்கணக்கின்படி தேடும் கண் அங்கே தடுமாறும். மொழியறிந்து அடுக்கும் நிரல்களில் இந்தச் சிக்கல் இல்லை.

விவரக் காட்சியின் பெருமையை இவ்வளவு சொன்ன பிறகும், படங்கள் நிறைந்த கோப்புறைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேமரா தானாக இட்ட எண்ணே பெயராக உள்ள நூற்றுக்கணக்கான கோப்புகளைப் பட்டியலாகப் பார்ப்பதால் என்ன தெரிந்துவிடும்? அங்கே கோப்பின் முகமே அதன் பெயர். சிறுபடங்கள் தெரியும்படி பெரிய படவுருக் காட்சியை வைத்தால், படிக்காமலேயே கண் அடையாளம் கண்டுகொள்ளும். இதில் அளவுதான் முக்கியம். மிகச் சிறியதாக வைத்தால் ஒன்றுபோன்ற இரண்டு படங்களின் வேறுபாடு தெரியாது. மிகப் பெரியதாக வைத்தால் திரையில் சிலவே அடங்கி, உருட்டிக்கொண்டே இருக்க நேரும். விண்டோஸில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் அளவு படிப்படியாக மாறும்; லினக்ஸின் கோப்பு மேலாளர்கள் பலவற்றிலும் அதே பழக்கம் செல்லும். தேடும்போது சிறிதாக்கி, இரண்டு மூன்று படங்களுக்கு இடையே தேர்ந்தெடுக்கும்போது பெரிதாக்கி, மீண்டும் சிறிதாக்கிக்கொள்வது கைக்கு விரைவில் பழகிவிடும்.

சிறுபடங்கள் எப்படி உருவாகின்றன என்பதை அறிந்துகொண்டால் சில மர்மங்கள் விலகும். கோப்புறையை முதன்முறை திறக்கும்போது மேலாளர் ஒவ்வொரு படத்தையும் படித்து, சுருக்கி, அந்தச் சுருக்கத்தை ஓரிடத்தில் சேமித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் முதல் முறை மெதுவாகவும் அடுத்த முறை விரைவாகவும் படங்கள் தோன்றுகின்றன. விண்டோஸ் எக்ஸ்பி இந்தச் சேமிப்பை அந்தந்தக் கோப்புறையிலேயே மறைகோப்பாக வைத்தது. அடுத்த பதிப்பான விஸ்டா முதல் அது பயனரின் தனி இடத்துக்கு மாற்றப்பட்டது. லினக்ஸில் 128 பிக்சல், 256 பிக்சல் என்ற அளவுகளில் சிறுபடங்களை எல்லா மேலாளர்களும் பகிர்ந்துகொள்ளப் பொதுவான விதிமுறை உண்டு. ஆகவே ஒரு மேலாளர் உருவாக்கிய சிறுபடத்தை இன்னொன்று மீண்டும் உருவாக்க வேண்டியதில்லை. இதில் ஒரு எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. மூலப் படத்தை அழித்த பிறகும் அதன் சிறுபடம் சேமிப்பில் தங்கியிருக்கக்கூடும். பிறருக்குக் கைமாற்றப்போகும் கணினியில் அந்தச் சேமிப்பையும் துடைத்துவிடுவது நல்லது. வலைப்பின்னலில் தொலைவில் உள்ள கோப்புறையைத் திறக்கும்போது சிறுபடக் காட்சி தடுமாறினால், ஒவ்வொரு படமும் வலைப்பின்னல் வழியே படிக்கப்படுகிறது என்பதே பெரும்பாலும் காரணம். அத்தகைய கோப்புறைகளை விவரக் காட்சியில் திறப்பது கணினிக்கும் நமக்கும் நிம்மதி.

படவுருக் காட்சிக்கு இன்னொரு பயனும் இருந்தது. அது இப்போது பெரும்பாலும் மறைந்துவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. முதல் மெக்கின்டாஷில் ஒவ்வொரு கோப்புறையும் தனக்கென ஒரு சாளரத்தில் திறந்தது. அந்தச் சாளரம் கடைசியாக இருந்த இடத்திலேயே மீண்டும் தோன்றியது. உள்ளே படவுருக்களை நாம் எங்கே வைத்தோமோ அங்கேயே இருந்தன. முடிந்த வேலைகளை வலது மூலையிலும் நடக்கும் வேலைகளை இடது மேற்புறத்திலும் ஒதுக்கி வைத்தால், கை தானாகவே அங்கே சென்றது. பெயரும் வேண்டாம், தேதியும் வேண்டாம், இடமே அடையாளமாக இருந்தது. நாட்டிலஸ் 2004-இல் வந்த 2.6 பதிப்பில் இந்த முறையை இயல்புநிலையாக்கிப் பார்த்தது; ஆழமான கோப்புறைகளுக்குள் செல்லும்போது சாளரங்கள் குவிந்ததால் பலருக்கு அது பிடிக்கவில்லை; 2010-இல் வந்த 2.30 பதிப்பில் ஒரே சாளரத்தில் உலாவும் முறையே மீண்டும் இயல்புநிலையானது. விண்டோஸ் 7 முதல் எக்ஸ்புளோரர் கோப்புறைகளில் படவுருக்களை விரும்பிய இடத்தில் வைக்க முடியாது. அவை எப்போதும் கட்டங்களில் தாமாகவே அடுக்கப்படும். ஃபைண்டரில் வரிசை எதுவும் இல்லை என்று வைத்தால் இன்றும் முடியும். மற்றவர்களுக்கு மேசைத்திரை ஒன்றுதான் மிச்சம். பலருடைய மேசைத்திரை கோப்புகளால் நிரம்பி வழிவதற்குச் சோம்பல் காரணம் என்று சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருக்கும் என்ற உறுதியைக் கணினியில் அந்த ஒரு பரப்புதான் தருகிறது. அந்த உறுதியைத் தேடித்தான் மக்கள் அங்கே செல்கிறார்கள்.

வழி மட்டும் நினைவிருப்பவர்களுக்கு உரியது பத்திக் காட்சி. இடது ஓரப் பத்தியில் ஒரு கோப்புறையைச் சொடுக்கினால், அதன் உள்ளடக்கம் வலப்புறம் அடுத்த பத்தியில் விரிகிறது. அதில் ஒன்றைச் சொடுக்கினால் மூன்றாவது பத்தி. இறுதியில் கோப்பைத் தொட்டால் அதன் முன்னோட்டம். வந்த வழி முழுவதும் கண்முன் நிற்பதால், இரண்டு படி பின்னே சென்று வேறு கிளையில் நுழைவதற்கு ஒரே ஒரு சொடுக்கு போதும். 1980-இல் மார்க் மில்லர் உருவாக்கிய இந்த அமைப்பு அவர் பெயராலேயே மில்லர் பத்திகள் என்று அழைக்கப்படுகிறது. நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணினிகளுக்கான இயங்குதளத்தில் பரவலாக அறியப்பட்டு, 2001-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வழியாக ஃபைண்டருக்கு வந்தது. விசைப்பலகையின் அம்புக்குறிகளை மட்டும் கொண்டு ஆழமான கோப்புறை மரத்துக்குள் இறங்கி ஏறுவதற்கு இதற்கு இணையானது வேறில்லை. குறை என்னவென்றால், பெயரைத் தவிர வேறெதையும் பத்திகள் காட்டுவதில்லை. தேதியும் அளவும் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். அகலமான திரையும் தேவை. விண்டோஸ் எக்ஸ்புளோரரில் இந்தக் காட்சி இல்லை. அங்கே இடப்புறக் கோப்புறை மரமே அந்த வேலையை ஓரளவு செய்கிறது. லினக்ஸில், கேடிஇ மேசைச்சூழலின் மேலாளரான டால்ஃபினில் முன்பு இருந்து 2012-இல் நீக்கப்பட்டது. எலிமென்டரி ஓஎஸ் என்ற லினக்ஸ் பதிப்பு அதைப் போற்றி வைத்திருக்கிறது.

பத்திக் காட்சிக்கும் விவரக் காட்சிக்கும் நடுவே ஒரு நல்ல வழி உண்டு. 1991-இல் மெக்கின்டாஷுக்கு வந்த சிஸ்டம் 7 இயங்குதளம் முதல் ஃபைண்டரின் பட்டியலில் ஒவ்வொரு கோப்புறைப் பெயருக்கும் முன்னே சிறிய முக்கோணம் இருக்கிறது. அதைச் சொடுக்கினால் உள்ளடக்கம் அதே இடத்தில் உள்தள்ளி விரியும், தேதியும் அளவும் அப்படியே தெரியும். டால்ஃபினிலும் நாட்டிலஸிலும் அமைப்புகளில் இதை இயக்கிக்கொள்ளலாம். பல உட்கோப்புறைகளாகப் பிரிக்கப்பட்ட ஒரே பணியைக் கையாள்பவர்களுக்கு, எனக்குத் தெரிந்தவரை, இதுவே சிறந்தது.

விண்டோஸில் பட்டியல் என்றும், டால்ஃபின், தூனார் போன்ற லினக்ஸ் மேலாளர்களில் நெருக்கக் காட்சி என்றும் அழைக்கப்படுவது, சிறிய படவுருவும் பெயரும் மட்டும் கொண்டது. மேலிருந்து கீழாக நிரம்பி, அடுத்த பத்திக்கு நகர்ந்து, பக்கவாட்டில் உருளும். பெயர் தெளிவாகத் தெரிந்து, கோப்புகள் மிகப் பலவாக இருக்கும்போது, ஒரே திரையில் மிக அதிகமான பெயர்களை அடக்குவது இதுதான். அதன் விரும்பிகள் குறைவு. நாட்டிலஸ் அதை 2012-இல் கைவிட்டது. ஓடு, உள்ளடக்கம் ஆகிய விண்டோஸ் காட்சிகள் படவுருவின் பருமனும் விவரத்தின் சொற்களும் பாதிப் பாதியாகக் கலந்தவை. இரண்டின் பலனும் முழுமையாகக் கிடைப்பதில்லை என்பது என் கருத்து. ஃபைண்டரில் 2007 முதல் இருந்து, பக்கங்களைப் புரட்டுவது போலப் படங்களை ஓடவிட்ட கவர் ஃப்ளோ என்ற காட்சி, 2018-இல் மேக் இயங்குதளத்தின் மொஹாவி பதிப்பில் தொகுப்புக் காட்சிக்கு இடம் விட்டது. ஒரு பெரிய படமும் கீழே சிறுபடங்களின் வரிசையும் கொண்ட அது, படங்களைத் தேர்ந்து கழிப்பதற்கு நன்று. அதற்கு அப்பால் தேவைப்படாது.

முன்னோட்ட வசதி இந்தத் தேர்வுகளின் பாரத்தைக் கணிசமாகக் குறைத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபைண்டரில் கோப்பைத் தேர்ந்து இடைவெளி விசையை அழுத்தினால், மென்பொருளைத் திறக்காமலே உள்ளடக்கம் தெரியும். விண்டோஸில் ஆல்ட் விசையோடு பி விசையை அழுத்தினால் வலப்புறம் முன்னோட்டப் பலகம் திறக்கும். விவரக் காட்சியின் நெடுவரிசைகளோடு இதைச் சேர்த்துக்கொண்டால், தோற்றத்துக்காக மட்டும் படவுருக் காட்சிக்குச் செல்லும் தேவை பாதியாகக் குறையும்.

இவ்வாறு ஒவ்வொரு கோப்புறைக்கும் பொருத்தமான காட்சியைத் தேர்ந்தெடுத்த பின் எழுவதுதான் உண்மையான சிக்கல்: கணினி அதை நினைவில் வைத்துக்கொள்ளுமா? மேலாளர்கள் இதில் பெரிதும் வேறுபடுகின்றன. டால்ஃபின் இதை நேர்மையாக நம்மிடமே கேட்கிறது. எல்லாக் கோப்புறைகளுக்கும் ஒரே காட்சியா, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியா என்பது அதன் அமைப்புகளில் தெளிவான தேர்வாக இருக்கிறது. ஃபைண்டர் ஒவ்வொரு கோப்புறையின் அமைப்பையும் டிஎஸ் ஸ்டோர் என்ற மறைகோப்பில் அந்தக் கோப்புறைக்குள்ளேயே எழுதிவைக்கிறது; மேக்கில் பயன்படுத்திய பென் டிரைவை வேறு கணினியில் செருகினால் கண்ணில் படும் அந்தப் புரியாத கோப்பு இதுவே, அதனால் எந்தக் கேடும் இல்லை. எக்ஸ்புளோரர் தன் நினைவை, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி) வைத்துக்கொள்கிறது. அதோடு நில்லாமல், கோப்புறையின் உள்ளடக்கத்தைப் பார்த்து, இது படங்களுக்கானது, இது இசைக்கானது, இது ஆவணங்களுக்கானது என்று தானே வகைப்படுத்தி, அந்த வகைக்குரிய காட்சியைத் தருகிறது. விவரக் காட்சியில் இருந்த கோப்புறையில் சில படங்களைப் போட்டதும் அது பெரிய படவுருக்களாக மாறி நிற்பதற்கு இந்த வகைப்படுத்தலே பெரும்பாலும் காரணம்.

இதைக் கட்டுப்படுத்த இரண்டு இடங்கள் உள்ளன. கோப்புறையின் பண்புகளைத் திறந்து, தனிப்பயனாக்கும் தாவலில் அதன் வகையைப் பொதுவானவை என்று நாமே குறித்துவிடலாம். உட்கோப்புறைகளுக்கும் அதையே பொருத்தும்படி அங்கேயே சொல்லலாம். அடுத்து, ஒரு கோப்புறையை விருப்பப்படி அமைத்துவிட்டு, கோப்புறை விருப்பங்களின் காட்சித் தாவலில் கோப்புறைகளுக்குப் பொருத்து என்ற பொத்தானை அழுத்தினால், அதே வகையைச் சேர்ந்த எல்லாக் கோப்புறைகளுக்கும் அந்த அமைப்பு செல்லும். அதே வகை என்ற நிபந்தனையைக் கவனிக்காதவர்கள், ஆவணக் கோப்புறையில் அழுத்திய பொத்தான் படக் கோப்புறையில் ஏன் வேலை செய்யவில்லை என்று திகைக்கிறார்கள். பொதுவான வகைக்கு ஒருமுறை, படங்களுக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை செய்துவிட்டால் பெரும்பாலோருக்குப் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவ்வப்போது காட்சியை மாற்ற வேண்டிவரும். அதற்குக் குறுக்குவிசைகளைக் கைக்குப் பழக்கிக்கொள்வது நல்லது. ஃபைண்டரில் கமாண்ட் விசையோடு 1 முதல் 4 வரை முறையே படவுரு, பட்டியல், பத்தி, தொகுப்பு. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டோடும் 1 முதல் 8 வரை எட்டுக் காட்சிகள். அவற்றில் பெரிய படவுருவுக்கான 2-ஐயும் விவரத்துக்கான 6-ஐயும் மட்டும் நினைவில் வைத்தால் போதும். டால்ஃபினில் கன்ட்ரோலோடு 1, 2, 3 என்பவை படவுரு, நெருக்கம், விவரம்.

கடைசியாக, பலரும் கருத்தில் கொள்ளாத ஓர் இடம் உண்டு: கோப்பைத் திற, சேமி, பதிவேற்று என்று கேட்கும்போது தோன்றும் சிறிய பெட்டி. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலை பெருமளவு நடப்பது அங்கேதான். மேலாளரில் நாம் அமைத்த காட்சி அங்கே அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. படத்தைப் பதிவேற்ற வருபவருக்குப் பெயர்ப்பட்டியல் மட்டும் காட்டப்பட்டால் அது எவ்வளவு இடையூறு என்பதை, நாட்டிலஸ் இடம்பெறும் லினக்ஸ் மேசைச்சூழலான க்னோமின் பயனர்கள் நன்கு அறிவார்கள். அந்தப் பெட்டியில் சிறுபடக் கட்டங்கள் வேண்டும் என்று 2004-இல் எழுந்த கோரிக்கை, 2023 மார்ச்சில் வந்த க்னோம் 44-இல்தான் நிறைவேறியது. விண்டோஸிலும் மேக்கிலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே காட்சியை மாற்றும் பொத்தான் இருக்கிறது. விண்டோஸில் அங்கும் கன்ட்ரோலை அழுத்திச் சக்கரத்தை உருட்டலாம். தேதித் தலைப்பைச் சொடுக்கி இப்போது சேமித்த கோப்பை மேலே கொண்டுவரலாம். பெட்டி மிகச் சிறியதாகத் திறந்தால் அதன் மூலையை இழுத்துப் பெரிதாக்கிக்கொள்ளவும் முடியும்.